67 ஆசியா: எட்டிப் பார்த்தார், கண்டுபிடித்தார் என்றால் நம்புவதா?

வாசகர் கேள்வி, ஏப்ரல் 2

1861-இல் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் போக்சன் என்ற துரை ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார், ஆசியாக் கண்டத்திலிருந்து கண்ட முதல் குறுங்கோள் அதுதான், அதனால் பேரே ஆசியா என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். ஒரு ராத்திரி தொலைநோக்கியில் எட்டிப் பார்த்தாராம், புதுசாக ஒன்று நின்றதாம். அதில் எட்டிப் பார்த்தால் புள்ளி புள்ளியாக எத்தனையோ தெரியுமே, எது புதுசு என்று எப்படிச் சொன்னார்? எனக்கென்னவோ அங்கே வேலை பார்த்த நம்மாள் யாரோ காட்டிக் கொடுத்து, பேர் மட்டும் துரைக்குப் போயிருக்கும் என்று படுகிறது.

ஏப்ரல் 2, மாலை

தேதி 1861 ஏப்ரல் 17, புதன்கிழமை. நார்மன் ராபர்ட் போக்சன் அந்த வருஷம்தான் சென்னைக்கு வந்தார். ஆனால் எட்டிப் பார்த்த ஆள் இல்லை. இங்கிலாந்தில் இருந்தபோதே 42 ஐசிஸ், 43 அரியாட்னி, 46 ஹெஸ்டியா என்று மூன்று குறுங்கோளைப் பிடித்துவிட்டுத்தான் கப்பலேறினார் (முன்னால் இருப்பது குறுங்கோளின் வரிசை எண்). கை பழகிய வேட்டைக்காரர்.

எது புதுசு என்று எப்படித் தெரியும்? அன்றைக்கு இதற்குப் புகைப்படம் கிடையாது. வானத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் தாளில் குறிப்பார்கள். இன்னொரு ராத்திரி அதே துண்டை எடுத்துத் தாளோடு ஒப்பிடுவார்கள். தாளில் இல்லாத புள்ளி வானத்தில் இருந்தால் சந்தேகம். அது நகர்ந்தால் சந்தேகம் தீர்ந்தது. அவ்வளவுதான் வித்தை. வித்தையைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

நம்மாள் விஷயம். நீங்கள் மனசில் வைத்திருப்பது சிந்தாமணி ரகுநாதாச்சாரியாக இருக்கும். போக்சன் வருமுன்பே அங்கே வேலையில் இருந்தவர். 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார், அது அவர் பேரிலேயே பதிவாகியிருக்கிறது. அரச வானியல் கழகம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது நம் மொழிகளில் விளக்கம் எழுதி வெளியிட்டவர். அவர் கண்டது அவர் பேரில்தான் இருக்கிறது. ஆசியா கணக்கில் இருக்கும் பேர் போக்சன்.

ஆசியா சூரியனைச் சுற்றிவர 4.6 வருஷம் எடுக்கும். இப்போது அது நமக்கு வாகான இடத்தில் நிற்கிறது, இந்த முறை விட்டால் இன்னும் நாலரை வருஷம் காத்திருக்க வேண்டும். என்னிடம் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி இருக்கிறது. நாளைக்கு மொட்டைமாடியில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். எட்டிப் பார்த்தால் போதுமா என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஏப்ரல் 3, இரவு 11.50

பார்த்துவிட்டேன். கன்னி ராசியில், சித்திரை நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் வடகிழக்கே. 9.30-க்குத் தாளில் 14 புள்ளி குறித்தேன். ஆசியா எப்போது எங்கே இருக்கும் என்று போட்டிருக்கும் அட்டவணை சொன்ன இடத்தில், நாலு நூல்கூட விலகாமல், மங்கலாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அம்புக்குறி போட்டு “ஆசியா” என்று எழுதி வைத்தாயிற்று. அரைமணி நேர வேலை. அந்தக் காலத்தில் இதற்கா இவ்வளவு பேச்சு?

ஏப்ரல் 4

4.6 வருஷம் என்று எழுதியது தப்பு. அது செரெஸ் என்ற இன்னொன்றின் கணக்கு. நினைவிலிருந்து எழுதினால் இப்படித்தான்.

ஆசியா ஒரு சுற்றுக்கு எடுப்பது 3.77 வருஷம். சூரியனிலிருந்து சராசரித் தொலைவு 2.42 வானியல் அலகு, அதாவது நமக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 2.42 மடங்கு. பாதை முழு வட்டம் இல்லை, மையப்பிறழ்வு 0.185. அதனால் கிட்டே வரும்போது 1.97, எட்டிப்போகும்போது 2.87. பூமியின் பாதைத் தளத்துக்கு 6 பாகை சாய்ந்து ஓடுகிறது. குறுக்களவு சுமார் 58 கி.மீ. கற்பாங்கான எஸ் வகை. தன்னைத்தானே சுற்ற ஏறத்தாழ 16 மணி நேரம்.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரிசு. இந்த முறை விட்டால் ஒரு சுற்று முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்று சொன்னேனே, அப்படியில்லை. நாமும்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம். உள்வட்டத்தில் வேகமாக ஓடுகிற பூமி, வெளிவட்டத்தில் மெதுவாகப் போகிற ஆசியாவைச் சுமார் 16 மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பிடிக்கிறது. அப்போது சூரியன் ஒரு பக்கம், ஆசியா மறுபக்கம், நடுவில் நாம். ராத்திரி முழுக்கத் தெரியும். இதை எதிரமைவு என்கிறார்கள். முந்திக்கொண்டு போகும்போது அது பின்னால் நழுவுவதுபோலத் தெரிவது பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குப் பழக்கமான சங்கதி: வக்ரகதி. செவ்வாய்க்கும் சனிக்கும் மட்டுமா வக்ரம், இந்த 58 கி.மீ. கல்லுக்கும் உண்டு. யாரும் இதற்குப் பரிகாரம் சொல்லக் காணோம்.

எதிரமைவுக்கு எதிரமைவு வெளிச்சமும் மாறும். சூரியனுக்குக் கிட்டே இருக்கும் சமயத்தில் அமைந்தால் மேக்னிட்யூட் (வெளிச்ச அளவு, எண் கூடக்கூட மங்கல்) 10-க்குப் பக்கம், எட்டி இருக்கும்போது அமைந்தால் 12-க்குப் பக்கம். இப்போது 11-ஐ ஒட்டி. வெறும் கண்ணுக்கு எட்டுவதைவிட நூறு மடங்கு மங்கல்.

இந்த மேக்னிட்யூட் அளவுக்கு ஒழுங்கான கணக்குக் கொடுத்தவரும் போக்சனேதான். 5 படிக்கு நூறு மடங்கு, ஒரு படிக்கு 2.512 மடங்கு என்று 1856-இல் முன்வைத்தார். அந்த 2.512-க்குப் போக்சன் விகிதம் என்றே பேர். அவர் பிடித்த கல்லை அவர் கோலாலேயே அளந்துகொண்டிருக்கிறேன், எழுதும்போதுதான் உறைத்தது.

ஏப்ரல் 5, இரவு 10.40

அசடு வழிகிறது. 3-ஆம் தேதி நான் அம்புக்குறி போட்ட புள்ளி இன்றைக்கும் அதே இடத்தில் நிற்கிறது.

ஆசியா இப்போது ஒரு நாளைக்குச் சுமார் 15 கலை (பாகையில் அறுபதில் ஒன்று ஒரு கலை) நகர வேண்டும். முழுநிலாவின் அகலத்தில் பாதி. இரண்டு நாளில் ஒரு முழுநிலா அகலம் போயிருக்க வேண்டிய ஆள், பக்கத்து இரண்டு நட்சத்திரங்களோடு போட்ட முக்கோணம் கொஞ்சமும் கலையாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஆசியா இல்லை, யாரோ வழிப்போக்க நட்சத்திரம். தாளைக் கசக்கி எறிந்துவிட்டேன். 3-ஆம் தேதிக் குறிப்பை அழிக்கவில்லை, இருக்கட்டும். “இதற்கா இவ்வளவு பேச்சு” என்று எழுதிய கைக்கு அது வேண்டும்.

எனக்கு ஒரே ஆறுதல் மாக்ஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் வானியலாளர். புகைப்படத் தகட்டை வைத்து முதன்முதல் குறுங்கோள் பிடித்தவர் அவர், 1891 டிசம்பரில். அடுத்த வருஷமே ஒன்றைக் கண்டதாக அறிவித்து, அதற்கு 330 என்ற எண்ணும் கிடைத்துவிட்டது. பிற்பாடு தகட்டை மறுபடி ஆராய்ந்தால் அது குறுங்கோளே இல்லை, நட்சத்திரங்கள். எண்ணை வீணாக்காமல் 1910-இல் அவரே கண்ட வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதுதான் இன்றைய 330 அடல்பெர்ட்டா. ஹைடல்பெர்க்கில் தகடு வைத்துப் பார்த்தவருக்கே இந்தக் கதி என்றால் மொட்டைமாடியில் பென்சில் பிடித்தவனுக்கு என்ன மரியாதை எதிர்பார்ப்பது.

ஏப்ரல் 6, காலை

ஏன் தப்பாயிற்று என்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தேன். விடை கேவலமானது.

அட்டவணையில் “ஏப்ரல் 3, 0 மணி” என்று இருந்த வரியை எடுத்துக்கொண்டேன். அது உலக நேரம். நம் கடிகாரத்தில் 3-ஆம் தேதி விடியற்காலை 5.30. நான் பார்த்ததோ அன்று ராத்திரி 9.30. நடுவில் 16 மணி நேரம். மணிக்கு 38 விகலை (கலையில் அறுபதில் ஒன்று) வீதம் ஆசியா அதற்குள் 10 கலை மேற்கே போய்விட்டது. நான் விடியற்காலையில் அது இருந்த இடத்தை ராத்திரியில் தேடிக்கொண்டிருந்தேன். காலையில் பஸ் நின்ற இடத்தில் ராத்திரி போய் நின்று, அங்கே நின்ற லாரியைப் பஸ் என்று எழுதி வந்திருக்கிறேன்.

போக்சன் காலத்தில் இந்த நேரக் குழப்பம் இன்னொரு விதம். வானியலாளர்களுக்கு நாள் நடுப்பகலில் பிறந்தது, 1925 வரைக்கும் அப்படித்தான். ராத்திரி வேலைக்காரர்களுக்கு அது வசதி, நடுராத்திரியில் நோட்டில் தேதி மாற்ற வேண்டியதில்லை. ஆக ஏப்ரல் 17 இரவு என்றால் 18 விடியற்காலையும் அதிலேயே அடக்கம். அதற்கு மேல், சென்னைக்கென்று தனி மணி. கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிஷம் முன்னால். அந்த மணியைக் காத்ததே இந்த வானாய்வகம்தான். ரயில்கூட அந்த மணிக்கு ஓடிய காலம் உண்டு.

ஏப்ரல் 6, மதியம்

வேலை மெனக்கெட்டு நிலாக் கணக்குப் போட்டேன். 1861 ஏப்ரல் 10-ஐ ஒட்டி அமாவாசை. ஆக 17-ஆம் தேதி வளர்பிறை, அரைநிலா. நடுராத்திரி வாக்கில் மறைந்திருக்கும். சித்திரை பிறந்து ஏறத்தாழ ஒரு வாரம். அந்தப் புழுக்கத்தில் கோட்டும் காலருமாக ஐபீஸில் கண்ணை ஒட்டிக்கொண்டு நின்றிருப்பாரா, இல்லை யாரும் பார்க்காத வேளை என்று கழற்றிப் போட்டிருப்பாரா என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

ஏப்ரல் 7

கேள்வி கேட்டவர் விடுவதாக இல்லை. “சரி, நகர்ந்தது என்று இரண்டாம் ராத்திரி தெரிந்துவிட்டது. அதோடு கண்டுபிடிப்பு முடிந்ததா?” என்கிறார்.

முடியவில்லை. அங்கேதான் ஆரம்பம். நான் தாளைக் கசக்கிய பிறகு எனக்கும் இது வேறு மாதிரி தெரிகிறது.

இரண்டு ராத்திரி பார்த்தால் அது நகர்கிறது என்று தெரியும், எங்கே போகிறது என்று தெரியாது. எதிரே தெரியும் ஒரு புள்ளி கிட்டே மெதுவாகப் போகிறதா, எட்டத்தில் வேகமாகப் போகிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒரு பாதையைக் கட்டிப்போட ஆறு எண் வேண்டும்: எவ்வளவு பெரிசு, எவ்வளவு நீள்வட்டம், எவ்வளவு சாய்வு, சாய்வு எந்தப் பக்கம், கிட்டே வரும் முனை எந்தத் திசை, இன்ன தேதியில் ஆள் பாதையில் எங்கே. ஒரு ராத்திரி அளந்தால் இரண்டு எண் கிடைக்கும், மேலே கீழே ஒன்று, குறுக்கே ஒன்று. மூன்று ராத்திரி என்றால் ஆறு. கணக்கு அங்கே பொருந்துகிறது.

இதைச் செய்து காட்டியவர் ஜெர்மன் கணித மேதை காஸ். 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோவில் பியாட்சி என்ற வானியலாளர் செரெஸைக் கண்டார். பிப்ரவரி 11 வரைதான் பார்க்க முடிந்தது. உடம்புக்கு முடியாமல் போயிற்று, பிறகு செரெஸ் சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிட்டது. மறுபடி எந்தப் பக்கம் வெளியே வரும்? வானமெல்லாம் தேட முடியாது. 24 வயசுப் பையன் காஸ் பியாட்சியின் அளவுகளை வைத்துப் பாதையைக் கணித்துக் கொடுத்தார். அந்த வருஷக் கடைசி நாளில் ஃபான் சாக் என்ற வானியலாளர் அந்த இடத்தில் தேடினார், இருந்தது. இன்னொரு வானியலாளர் ஓல்பெர்ஸும் மறுநாள் பார்த்தார். பியாட்சி கண்டது ஒரு கண்டுபிடிப்பு என்றால், காஸ் அதைத் தொலையாமல் வைத்தது இன்னொன்று. எனக்கு இரண்டாவதன் மேல்தான் மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

தொலைந்ததற்கும் உதாரணம் வேண்டுமா? 132 ஈத்ரா 1873-இல் அகப்பட்டது, போதுமான அளவுகள் எடுப்பதற்குள் கைநழுவியது, மறுபடி கிடைக்க 1922 ஆயிற்று. 878 மில்ட்ரெட் 1916-இல் கண்டது, 1991-இல் திரும்ப வந்தது. இரண்டும் சூரியனைச் சுற்றி வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்த கற்கள்தான். அவை எங்கேயும் போகவில்லை, நமக்குத்தான் விலாசம் தெரியவில்லை.

போக்சனுக்கே அப்படி ஒன்று நடந்தது. 1872 நவம்பர் கடைசியில் பெரிய எரிகல் மழை. பீலா வால்வெள்ளியின் தூசிக்குள் பூமி புகுந்தது. ஜெர்மனியின் கெட்டிங்கனிலிருந்து கிளிங்கர்ஃபூஸ் என்ற வானியலாளர் சென்னைக்குத் தந்தி அடித்தார்: பீலா 27-ஆம் தேதி பூமியைத் தொட்டது, தீட்டா சென்டாரி நட்சத்திரத்தின் பக்கம் தேடு. அவர்களுக்குத் தெரியாத தென்வானம் இங்கே தெரியும் என்பதால் சென்னை. போக்சன் டிசம்பர் 2, 3 இரண்டு நாளும் ஒரு வால்வெள்ளியைப் பார்த்தார். பிறகு அளவெடுக்க வாய்க்கவில்லை. இரண்டு ராத்திரி அளவில் பாதை கட்ட முடியாது. கண்ணால் கண்டார், அளந்தார், ஆனாலும் அது எங்கே போயிற்று என்று இன்றுவரை யாரும் சொல்ல முடியவில்லை. பாதை தெரியாத வால்வெள்ளிகளின் வரிசையில்தான் அது நிற்கிறது.

1872-இல் தந்தி வந்தது. ஆனால் 1861-இல் ஆசியாவைக் கண்டபோது அந்த வசதி இல்லை. இந்தியாவையும் ஐரோப்பாவையும் தந்திக்கம்பி ஒழுங்காக இணைத்தது 1865-இல். சூயஸ் கால்வாய் திறந்தது 1869-இல். அதனால் சேதி கப்பல் தபாலில்தான் போயிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 15 கலை நழுவுகிற கல், தபாலோ வாரக்கணக்கில். கடிதம் பிரிக்கப்படும்போது கல் வேறு இடத்தில். ஒரு ராத்திரி அளவை மட்டும் எழுதி அனுப்பினால் அங்கே யாரும் தேட முடியாது. இங்கேயே பல ராத்திரி அளந்து அனுப்பினால்தான் பிழைக்கும். எட்டிப் பார்த்தார் என்று சொல்பவர்கள் இந்த ராத்திரிகளை விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன்.

ஏப்ரல் 8

குறிப்பு ஒன்று, சின்னது. செவ்வாய் சூரியனைச் சுற்ற 687 நாள். இரண்டு மடங்கு 1374. ஆசியாவுக்குச் சுமார் 1376. செவ்வாய் இரண்டு சுற்று வரும்போது இது ஒரு சுற்று. இப்படிச் சுற்றுக்காலங்கள் முழு எண் கணக்கில் பொருந்துவதை ஒத்ததிர்வு என்கிறார்கள். 2.42 அலகில் செவ்வாயின் 1:2 ஒத்ததிர்வு இருக்கிறது, ஆசியா அதன் வாசலிலேயே குடியிருக்கிறது.

வியாழனின் 3:1 ஒத்ததிர்வு (வியாழன் ஒரு சுற்று வரும்போது கல் மூன்று சுற்று) 2.5 அலகில். அங்கே கிர்க்வுட் இடைவெளி. வியாழன் திரும்பத் திரும்ப இழுத்து அந்த இடத்தைத் துடைத்து வைத்திருக்கிறது, அந்த வளையத்தில் கல்லே கிடையாது. ஆசியா 2.42 என்பதால் இந்தப் பக்கம் பத்திரம், அந்தக் காலிவீதியில் கால்வைப்பதே இல்லை.

ஏப்ரல் 8, ஒரு மணி நேரம் கழித்து

மேலே இரண்டாம் பத்தி தப்பு. எழுதிவிட்டுக் காப்பி குடிக்கும்போது 4-ஆம் தேதி நானே எழுதிய 1.97, 2.87 ஞாபகம் வந்தது. 2.87 வரை போகிறவர் 2.5-ஐத் தாண்டாமல் எப்படிப் போவார்? ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தரம் தாண்டுகிறார், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

கிர்க்வுட் இடைவெளி என்பது வானத்தில் இருக்கும் காலி வளையம் இல்லை. எல்லாக் குறுங்கோள்களின் சராசரித் தொலைவையும் எடுத்து வரைபடம் போட்டால், 2.5 என்ற எண்ணில் ஆள் குறைவு. சராசரி 2.5 உள்ளவர்தான் வியாழனோடு தாளம் சேர்ந்து மாட்டிக்கொள்கிறார். 2.5-ஐக் கடந்து போகிறவருக்கு ஒன்றும் ஆவதில்லை. இந்த நிமிஷம் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலுள்ள குறுங்கோள் பட்டையை மேலிருந்து பார்த்தால் அங்கேயும் கற்கள் இருக்கும். சனியின் வளையத்தில் தெரியும் இடைவெளி மாதிரி என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இன்றோடு விட்டது.

ஏப்ரல் 9, இரவு 11.45

இந்த முறை நேரத்தை மூன்று தரம் சரிபார்த்தேன். அட்டவணையை மணிக்கணக்கில் எடுத்து, நம் நேரத்துக்கு மாற்றி, தாளின் மேலே எழுதிவைத்தேன். அம்புக்குறி போடுவதில்லை என்று முடிவு. எந்தப் புள்ளி ஆசியா என்று மனசுக்குள்கூடச் சொல்லிக்கொள்ளாமல் தெரிந்ததையெல்லாம் குறிப்பது.

9.10-க்கு முதல் தாள். நடுவில் தெருவிளக்கு, எதிர்வீட்டுக் குழல்விளக்கு, கொசு. ஐபீஸில் மூச்சுப் பட்டு மங்கியது, துடைக்கப் போய்த் தொலைநோக்கி அசைந்து, மறுபடி சித்திரையிலிருந்து ஆரம்பம். 11-ஆம் மேக்னிட்யூட் புள்ளியை நேராக முறைத்தால் மறைந்துவிடும். கண்ணை ஓரமாக வைத்தால் எட்டிப் பார்க்கும். ஒரு புள்ளி இருக்கிறதா, நான் ஆசைப்படுகிறேனா என்று தெரியாமல் பத்து நிமிஷம் போகும்.

11.20-க்கு இரண்டாம் தாள், முதல் தாளைப் பார்க்காமல் போட்டது. பிறகு கீழே வந்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். பதினோரு புள்ளி ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன, என் கை நடுக்கம் போக. பன்னிரண்டாவது இரட்டையாகத் தெரிந்தது. மேற்குப் பக்கம் ஒரு மயிரிழை தள்ளி.

2 மணி 10 நிமிஷத்தில் சுமார் 80 விகலை. ஐபீஸில் வியாழனின் தட்டு தெரியுமே, அதைப்போல இரண்டு பங்கு. திசை சரி, அளவும் ஏறக்குறைய சரி.

இன்னும் கொண்டாடவில்லை. நாளைக்கும் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 10

பார்த்தேன். போன இடத்தில் இருந்தது. கொண்டாடியாயிற்று.

ஏப்ரல் 12

நுங்கம்பாக்கம் போயிருந்தேன். கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்துக்குள் பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண் நிற்கிறது. 1792-இல் கட்டடம் எழுந்தபோது கருவியைத் தாங்க நட்டது. கட்டடம் போய்விட்டது, கருவி இல்லை, வானியல் வேலை கொடைக்கானலுக்குப் போய்ச் சேர்ந்தது, தூண் மட்டும் மிச்சம். தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஆசியாவில் கணித அறிவியல்கள் முதன்முதல் நடப்பட்ட காலம் ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களுக்கும் தெரியட்டும் என்பது தூண் நட்டவர்களின் எண்ணம். முதன்முதலாம். ஆரியபட்டர் என்ன நினைத்திருப்பாரோ.

போக்சன் சாகும்வரை, 1891 ஜூன் வரை, முப்பது வருஷம் இங்கேதான். ஆசியாவுக்குப் பிறகு 80 சாப்போ, 87 சில்வியா, 107 கமில்லா, 1885-இல் 245 வேரா என்று இன்னும் நாலு பிடித்தார். அவர் செத்த ஆறாம் மாதம்தான் மாக்ஸ் வோல்ஃபின் தகடு வந்தது, கண்ணும் பென்சிலுமாக வேட்டையாடிய காலத்தை முடித்து வைத்தது. சில்வியாவுக்கு இரண்டு நிலா இருப்பது 2001-இலும் 2004-இலும் தெரியவந்தது. கமில்லாவுக்கும் இரண்டு. அவர் தாளில் அவை தனித்தனிப் புள்ளி, அவ்வளவே.

42 ஐசிஸ் என்ற பேர் எகிப்தியத் தேவதைக்கும் அவர் மகள் ஐசிஸுக்கும் சேர்த்து வைத்தது. அந்த மகள் பிற்பாடு அப்பாவுக்கு உதவியாளராக இதே வானாய்வகத்தில் வேலை பார்த்தார். பேரில் குறுங்கோள் உள்ளவர் ராத்திரியில் உட்கார்ந்து நட்சத்திரக் கணக்குப் போட்டிருக்கிறார். இதை யாராவது கதையாக எழுதலாம்.

ஆசியா என்ற பேருக்கும் இரண்டு பொருள். கண்டம் ஒன்று, கிரேக்கப் புராணத்தில் வரும் ஓசியானஸின் மகள் ஒன்று. குறுங்கோளுக்குப் பெண்தெய்வப் பேர் வைக்கும் வழக்கத்தையும் மீறவில்லை, ஊரையும் விடவில்லை. கெட்டிக்காரர்.

ஏப்ரல் 13

முதலில் கேள்வி கேட்டவர் இன்றைக்குக் கேட்டது: “3-ஆம் தேதி 10 கலை தள்ளித் தேடினீர்கள் என்கிறீர்கள். உங்கள் ஐபீஸில் ஒரு பாகை அகலம் தெரியும். அப்படியானால் நிஜமான ஆசியாவும் அன்றைக்கு உங்கள் கண்முன் இருந்திருக்க வேண்டுமே?”

இது எனக்குத் தோன்றவே இல்லை.

கசக்கி எறிந்த தாள் பழைய பேப்பர் கட்டுக்குள் கிடந்தது, நல்லவேளை எடைக்குப் போகவில்லை. நீவிவிட்டு, அன்று ராத்திரி 9.30-க்கான சரியான இடத்தை அட்டவணையிலிருந்து எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். அம்புக்குறி போட்ட நட்சத்திரத்துக்கு மேற்கே, நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒரு புள்ளி. நானேதான் வைத்திருக்கிறேன், பென்சிலை அழுத்தாமல். பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி வேறு. எந்த நட்சத்திர வரைபடத்திலும் அந்த இடத்தில் அவ்வளவு வெளிச்சத்துக்கு ஒன்றும் இல்லை.

1612 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் கலிலியோ வியாழனின் நிலாக்களை வரையும்போது பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தையும் குறித்துவைத்தார். அது நெப்டியூன். கண்டுபிடித்தவர் பட்டியலில் அவர் பேர் இல்லை, 1846-தான் அதன் வருஷம்.

கேள்விக்குறியை அழிக்காமல், பக்கத்தில் மையால் தேதியும் 16.00 உலக நேரம் என்றும் எழுதி, 9-ஆம் தேதித் தாள்கள் இரண்டு, 10-ஆம் தேதியது ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறேன். ஆக மூன்று ராத்திரி. ஆறு எண்ணுக்குப் போதும். காஸின் முறையில் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை. என் பென்சில் புள்ளிக்கே இரண்டு கலை அகலம் இருக்கிறது, வரும் பாதை சனியைத் தாண்டிப் போனாலும் ஆச்சரியமில்லை. விடை வந்தால் போடுகிறேன்.